போல்டான பொண்ணு

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். பாண்டி மாமாவிடமும் வேண்டாம். மாமா எதைப் படித்தாலும் சிரிப்பார், இதைப் படித்தால் சிரிக்க மாட்டார். அதுதான் எனக்குப் பயம். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நான் கெட்டவள் இல்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15

என் பெயர் ரேணுகாதேவி. பதினொன்றாம் வகுப்பு. ராத்திரியில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது என் முறை. மூன்று வருடத்துக்கு முன்னால் மலையில் ஏலத் தோட்டத்தில் மரக்கிளை முறிந்து அப்பாவின் பிடரியில் விழுந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றாவிட்டால் புண் வந்துவிடும். அம்மா விடியும் முன்பே தோட்ட வேலைக்கு ஜீப் ஏற வேண்டும். அந்த ஜீப்பை ஓட்டுவது அம்மாவின் தம்பி பாண்டீஸ்வரன் மாமா. பெண்களை மேலே இறக்கிவிட்டுக் கீழே வந்து, பகல் முழுக்க அப்பாவைத் துடைப்பது, திருப்புவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் மாமாதான். சாயங்காலம் மறுபடியும் மலைக்குப் போய் எல்லாரையும் ஏற்றிவருவார். கிளை விழுந்த அன்றைக்கு அப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு ரோடு வரைக்கும் இறக்கியதும் அவர்தான்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். வினோதினிக்குச் சால்வை போட்டார்கள். போன வருடம் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு வீட்டில் கல்யாணம் வைத்தபோது அவளே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஃபோன் செய்து நிறுத்திவிட்டாள். இப்போது தேனியில் காப்பகத்தில் இருந்து படிக்கிறாள். "இவளை மாதிரி எல்லாரும் போல்டா இருக்கணும்" என்று ஹெச்.எம். மைக்கில் சொன்னார். எல்லாரும் கைதட்டினோம்.

மிட்டாய் வாங்கும் வரிசையில் வினோதினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கம்மா உங்க மாமா ஜீப்புலதான வருது?"

"ஆமா."

"எப்படி இருக்கு? இருமல் இருக்கா?"

"தெரியலடி. நான் பாக்கல."

"பார்த்தா சால்வை போட்டாங்கன்னு சொல்லாத. சும்மா நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "போல்டாம்ல. அவ ஆத்தா அழகுத்தாய் ரெண்டு நாள் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தா. இன்னைக்கி வரைக்கும் ஜீப்புல ஒருத்தி அவட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கிறா. பின்னாடி கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வர்றா. அத யாராச்சும் மைக்குல சொன்னாங்களா?" என்றாள்.

ஆகஸ்ட் 18

தம்பி தருணுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் நான்காம் தேதி, குலசாமி கோயிலில். அவனுக்கு ஆறு வயது. அப்பா விழுந்ததிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து கடுக்கன் போட வேண்டும் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எனக்கும் ஜாக்கெட் தைக்க அளவு கொடுத்தோம். அரக்கு நிறத்தில் பட்டு. "இந்தக் கலர் போல்டா எடுக்கும், மாநிறத்துக்கு அமர்க்களமா இருக்கும்" என்றார் டெய்லர் அக்கா. பிறகு, "கைக்கு ஆரி வொர்க் போட்டுருவமா? பொண்ணுக்குன்னா போடுறதுதான்" என்றார். அம்மா அவருடைய காலை மெதுவாக மிதித்ததைப் பார்த்தேன்.

"தம்பி காதுகுத்துக்குக்கா. தாய்மாமன் எடுத்துக் குடுத்தது" என்றாள் அம்மா.

காதுகுத்துக்கு அக்காமாரும் பட்டுக் கட்டுவது உண்டுதான். நம்ம ஊரில் உண்டு.

ஆகஸ்ட் 21

ஆங்கில வகுப்பில் ஃபிலோமினா டீச்சர் 'போல்டு' என்று போர்டில் எழுதி, இதை வைத்து ஆளுக்கு ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார். தைரியமான என்று ஒரு பொருள் எனக்குத் தெரியும். எடுத்தெறிந்து பேசுகிறவள், மட்டு மரியாதை இல்லாதவள் என்றும் வருமாம். கண்ணில் அடிக்கிற நிறம், தடித்த எழுத்து, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான் என்றார்.

"டீச்சர், கிரிக்கெட்ல ஸ்டம்பு பறந்தா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அது வேறடி, எருமை" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

"அப்ப ஒருத்தியப் போல்டுன்னு சொன்னா அது பாராட்டா, திட்டா டீச்சர்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"யாரு சொல்றாங்கன்னு பாரு. ஆம்பளப் புள்ளையச் சொன்னா எப்பவுமே பாராட்டுதான்" என்றார்.

நான் நான்கு வாக்கியம்தான் எழுதினேன். 'நான்' என்று தொடங்கி எதுவும் வரவில்லை.

ஆகஸ்ட் 24

அம்மா சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தோம். போர்வையின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். முறுக்கிப் பிழியும்போது சொன்னாள்.

"அன்னைக்கே ஒனக்கும் முடிச்சிருவோம்."

நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"பத்திரிகை அடிக்கல. காதுகுத்துன்னா எவனும் எட்டிப் பாக்க மாட்டான். கூட்டம் கலஞ்சதும் கோயிலுக்குள்ளயே தாலி கட்டிருவான். பாண்டிதான், அன்னியன் இல்ல. படிக்க வேணாம்னு சொன்னேனா? பேருக்குத்தான் கல்யாணம். நீ இங்கிட்டுதான் இருப்ப, இதே பள்ளிக்கொடம், இதே பஸ்சு."

"அப்பறம் எதுக்கும்மா இப்பவே?"

அம்மா போர்வையைக் கொடியில் போட்டாள். முகத்தைக் காட்டவில்லை.

"அவனுக்கு முப்பது ஆகப் போகுது. கூடலூர்ல பொண்ணு வந்திருக்கு. அவ வந்தா, அடுத்த வீட்டு ஆம்பளைக்கு மலம் அள்ள விடுவாளா? ஒங்கப்பனுக்கு யாரு இருக்கா, சொல்லு."

அப்பா உள்ளே படுத்திருந்தார். சன்னல் திறந்துதான் இருந்தது.

ஆகஸ்ட் 26

இன்று ஒன்றும் நடக்கவில்லை. மாவு அரைத்தேன். வேதியியல் தேர்வில் எழுபதுக்கு அறுபத்தொன்று.

ஆகஸ்ட் 28

பள்ளிக்கூடச் சுவரில் அந்த 1098 பெரிதாக எழுதியிருக்கிறது. தினமும் அதன் கீழேதான் வரிசையில் நிற்கிறோம்.

அம்மா குளிக்கப் போனபோது அவளுடைய ஃபோனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் எடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"சொல்லும்மா" என்றது ஒரு அக்காவின் குரல். "பயப்படாமச் சொல்லுடா, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டேன்.

"பரவால்லம்மா. மறுபடி எப்ப வேணாலும் ராங் நம்பர் போடு" என்றார் அந்த அக்கா. வைத்துவிட்டு அந்த எண்ணை அழித்தேன். விரல் தவறி, அழிப்பதற்குப் பதிலாக மறுபடி ஃபோன் போகப் பார்த்தது.

ஆகஸ்ட் 30

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் மாமா வாய்க்காலில் ஜீப் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா டீ கொடுத்து அனுப்பினாள். தருணும் கூட வந்தான். மாமா அவன் மேல் தண்ணீரை அடித்து விளையாடினார். பிறகு டீயை வாங்கிக்கொண்டு பானட்டில் சாய்ந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் டம்ளருக்குள் பார்த்தார்.

"ரேணு, ஒன்னு கேக்குறேன். ஒங்கம்மா சொல்லுச்சுன்னு தலையாட்டக் கூடாது. ஒனக்குச் சம்மதந்தானா?"

தருணின் ஈரத் தலையைத் துப்பட்டாவால் துவட்டினேன்.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லிரு. நான் அக்காட்டப் பேசிக்கிறேன். கோவிச்சுக்க மாட்டேன். சின்னதுல நீ எம்புட்டுப் போல்டாப் பேசுவ. மாமா, ஒன் மீசை தேஞ்ச பிரஷ்ஷு மாதிரி இருக்குன்னு ஸ்டாண்டுல அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னவதான நீ?"

மாமா சிரித்தார். காதோரம் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. டம்ளர் பிடித்திருந்த அந்தக் கையால்தான் மத்தியானம் அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டிருந்தார். இல்லை என்று சொன்னால் அதன் பிறகு வீட்டுக்கு எப்படி வருவார், அப்பாவை எப்படித் தொடுவார் என்றுதான் எனக்கு ஓடியது.

"ம்" என்றேன்.

"ம்-ன்னா?"

"சம்மதந்தான் மாமா."

அவர் டம்ளரைக் கழுவி என் கையில் கொடுத்தார். பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். திரும்பி நடக்கும்போது அவர் விசில் அடிப்பது கேட்டது.

கேட்டாரே. ஊரில் எந்த மாப்பிள்ளை கேட்கிறான். கேட்டவரிடம் போய்ப் பொய் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 31

அப்பாவை இடப்பக்கம் திருப்பும்போது கண் திறந்திருந்தது.

"தூங்கலயாப்பா?"

"திருப்பாத."

"வலிக்குதா?"

"வலி எங்க இருக்கு எனக்கு. இப்படியே விட்டுரு ஆத்தா. ரெண்டு மாசம் திருப்பாம விட்டா தானா முடிஞ்சிரும்னு டாக்டரே சொன்னாரு. அப்பறம் ஒன்னையக் கட்டிவைக்க ஒருத்தருக்கும் தேவை இருக்காது."

நான் திருப்பினேன். முதுகில் பவுடர் போட்டேன். இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை வைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சொன்னா கேக்க மாட்ட" என்றார்.

செப்டம்பர் 1

பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் என் முகத்தையே பார்த்தேன். ஆள் உயரத்துக்கு.

ஃப்ளெக்ஸ். மாமாவின் ஜீப் ஸ்டாண்ட் கூட்டாளிகள் வைத்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று மாமா அவர்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். ஆனால் கூட்டாளிக்குக் கல்யாணம் என்றால் ஃப்ளெக்ஸ் வைக்காமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. 'காது குத்தப் போன இடத்தில் கழுத்தை நீட்டும் அண்ணன் பாண்டீஸ்வரனுக்கு ஆயுள் தண்டனை. இவண், ஸ்டாண்ட் சிங்கங்கள்.' என் பள்ளி அடையாள அட்டைப் படத்தைத் தலை மட்டும் வெட்டி, யாரோ ஒரு பெண்ணின் பட்டுப்புடவை உடம்பில் ஒட்டியிருந்தார்கள். இரட்டைச் சடையும் ரிப்பனும் அப்படியே இருந்தன. கீழே 'ரேணுகாதேவி' என்று தடித்த எழுத்தில், மஞ்சளில். என் பெயரை அவ்வளவு பெரிதாக நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மாமா ஓடிவந்து கிழித்தார். "அறிவு கெட்ட நாய்களா, எத்தன தடவடா சொன்னேன்" என்று கத்தினார். ஒருவன், "சின்னதாத்தாண்ணே வச்சோம்" என்றான்.

அந்தப் பஸ்ஸில்தான் ஃபிலோமினா டீச்சரும் போகிறார். சன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 2

டீச்சர் என்னை ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே நிறுத்திக் கேட்டார்.

"தம்பிக்குக் காதுகுத்து டீச்சர். ஃப்ளெக்ஸ் சும்மா கேலிக்கு வச்சது."

"ரேணுகா, போல்டாச் சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்னு தெரிஞ்சுக்க. தாலி ஏறுறதுக்கு முன்னாடி தடுத்தா ஒங்க வீட்ல எழுதி வாங்கிட்டுப் பெரும்பாலும் விட்டுருவாங்க. ஏறினதுக்கு அப்பறம்னா ஒங்க மாமா மேல கேஸ், ஜெயில். நான் 1098-க்குத் தகவல் சொல்லலாம். ஆனா வர்றவங்க ஒன்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீ இதே பொய்யச் சொன்னா திரும்பிப் போயிருவாங்க. அப்பறம் ஒங்க வீட்ல விடிஞ்சதும் கட்டி வச்சிருவாங்க."

"காதுகுத்துதான் டீச்சர்" என்றேன்.

ஃப்ளெக்ஸால் ஊருக்கே தெரிந்துவிட்டதால் வீட்டில் அம்மா வேறு முடிவு செய்துவிட்டாள். குலசாமி கோயில் இல்லை, காதுகுத்தும் இல்லை. நாலாம் தேதி விடியும் முன்பே மலையடிவாரத்தில் உள்ள சின்னக் கோயிலில் முடிப்பது. மூன்று மணிக்கு மாமா ஜீப் கொண்டுவருவார். நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகக் கூடாது.

"யாராச்சும் வந்து கேட்டா பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு சொல்லு. வேற எதாச்சும் சொன்ன, என்னையத்தான் இழுத்துட்டுப் போவாங்க. ஒன்னையக் காப்பகத்துல போட்டுருவாங்க. அப்பனப் பாத்துக்க" என்றாள். 'அப்பனப் பாத்துக்க' என்பதை மிரட்டலாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

தருண் கடுக்கன் எங்கே என்று கேட்டு அழுதான்.

செப்டம்பர் 3

சாயங்காலம் குழாயடியில் கடைசியாக நான் நின்றேன். எனக்குப் பின்னால் அழகுத்தாய் அத்தை, வினோதினியின் அம்மா. மற்றவர்கள் போகும்வரை ஒதுங்கி நிற்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

"எம்மகளப் பாத்தியாமே" என்றார். குடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நல்லா இருக்கா அத்த. உங்களுக்கு இருமல் இருக்கான்னு கேட்டா."

குடம் நிறைந்து வழிந்தது. அவர் எடுக்கவில்லை.

"ஏன் அத்த பாக்கப் போகல?"

"எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போறது? ஒன்னைய வெட்டிப் போட்டுருவேன்னு ஸ்டேஷன்ல வச்சுச் சொன்னேன் அவள. அவ காதுல அதுதான கெடக்கும்." குழாயை மூடினார். "அவ மட்டும் வாயத் தொறக்கலேன்னா இந்நேரம் கைப்புள்ளையோட எங்கூட ஜீப்புல தொங்கிக்கிட்டு வருவா. நெனச்சா தூக்கம் வரல. ஆனாலும் கோவம் போகல. என்ன செய்யச் சொல்ற?"

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அத்த, எங்க வீட்ல யாரும் இல்லாமப் போயிட்டா எங்கப்பாவத் திருப்பிப் படுக்க வைக்க வருவீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஃப்ளெக்ஸை அவரும் பார்த்திருப்பார். ஏன், எதற்கு என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"எந்நேரம்?" என்றார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா."

"பகல்லயா ராத்திரியா?"

"ரெண்டும்."

"ஒங்கம்மா வாசப்படி ஏற விடுமா?" என்று கேட்டுவிட்டு, தானே, "சரி, அத நான் பாத்துக்கிறேன். எப்படித் திருப்பணும்னு சொல்லு" என்றார். தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது என்று காற்றிலேயே காட்டினேன். அவரும் காற்றிலேயே செய்து பார்த்தார்.

பிறகு அவருடைய ஃபோனை ஒரு நிமிடம் கேட்டு வாங்கினேன். யாருக்குப் பேசினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ராத்திரி மாமா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புதுச் சட்டை வாங்கியிருந்தார். பாக்கெட்டில் அட்டை இன்னும் எடுக்கவில்லை. "பயப்படாத புள்ள, நான் இருக்கேன்ல" என்றார். அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. அன்றைக்கு வாய்க்காலில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் அம்மாவிடம் பேசியிருப்பார். யாரும் வர வேண்டியதே இல்லை. ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் அவர் தலைகுனிய வேண்டியதில்லை. இனி அவர் என் முகத்தைப் பார்ப்பாரா? அப்பாவுக்கு நகம் வெட்ட வருவாரா?

அம்மா அரக்குப் புடவை கட்டி, தலை வாரிவிட்டாள். பூ வைக்கும்போது அவள் கை என் பிடரியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. இப்போது அவள் பாயில் சாய்ந்திருக்கிறாள். தூங்குகிறாளா தெரியவில்லை.

நான் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று மணிக்குத்தான் அவரைத் திருப்ப வேண்டும். இப்போதே திருப்பிவிட்டேன், வலப்பக்கம், வாசலைப் பார்த்த மாதிரி. தண்ணீர் பாட்டிலில் குழலை மாட்டி வாய்க்கு எட்டும்படி கட்டினேன். புதுத் துணி விரித்தேன். அத்தை எந்நேரம் வந்தாலும் பவுடர் கண்ணில் படட்டும் என்று தலைமாட்டில் வைத்தேன்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாக, "வரச் சொல்லிட்டியா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"கேட்டா என்ன சொல்லுவ?"

"எனக்குச் சம்மதமில்லைன்னு சொல்லுவேன்ப்பா." வெறும் காற்றாகத்தான் வந்தது.

"எனக்கே கேக்கல."

"எனக்குச் சம்மதமில்ல."

அப்பாவின் கண்ணீர் மூக்கின் மேல் குறுக்காக ஓடியது. ஒருக்களித்துப் படுத்தால் அப்படித்தான் ஓடும். அவரால் துடைக்க முடியாது. நான் துடைத்தேன். மறுபடி ஓடியது. நாளை முதல் இதை யார்

வாசலில் வண்டி நிற்கிறது. மாமாவின் ஜீப் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அது இல்லை. கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள். "பாண்டியா? அதுக்குள்ள வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே, தாழ்ப்பாளை